கொழும்பு–காலி வீதியில் தனிச் சைக்கிள் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் நெருங்கி, தென்மேற்குக் கரையில் மழை ஓயத் தொடங்கியதும், கரையோரமாகத் தனியாகச் சைக்கிளில் போய்வர விரும்பும் இளைஞர்கள் ஆலோசனை கேட்டு வருவது வழக்கமாகிவிட்டது. வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனை ஆகிய இடங்களிலிருந்து வரும் இவர்களிடம் ஆர்வத்துக்கும் உடல் வலுவுக்கும் குறைவில்லை. ஆனால் நாங்கள் தொடக்க காலத்தில் செய்த அதே பிழைகளை வரிசைகூட மாறாமல் இவர்களும் செய்வதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. தலைக்கவசம் அணிவது, உதிரி டியூப் எடுத்துச் செல்வது, வீட்டாருக்குச் சொல்லிவிட்டுப் புறப்படுவது போன்றவை எல்லோரும் அறிந்தவை என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை. சொன்னாலும் பலர் காதில் வாங்காத சிலவற்றை மட்டும் எழுதுகிறேன்.

நான் பேசுவது காலி வீதி என்று அழைக்கப்படும் ஏ2 நெடுஞ்சாலையைப் பற்றி. கொழும்பில் தொடங்கி மொரட்டுவை, பாணந்துறை, களுத்துறை, பேருவளை, பெந்தோட்டை, அம்பலாங்கொடை, ஹிக்கடுவை வழியாகக் காலி வரை ஏறத்தாழ 120 கிலோமீற்றர். அங்கிருந்து வீதி கிழக்கே திரும்பி, வெலிகம, மாத்தறை, தங்காலை ஆகியவற்றைக் கடந்து அம்பாந்தோட்டையை அடையும்போது மொத்தம் ஏறத்தாழ 240 கிலோமீற்றர் ஆகியிருக்கும். தெற்கு அதிவேகப் பாதையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லாததால் நமக்கு இருப்பது இந்த ஒரு வீதிதான்.

எந்தத் திசையில் ஓடுவது என்று யோசிக்காமல் புறப்படுவது

வீட்டிலிருந்து புறப்பட்டுத் தெற்கே போவதுதான் இயல்பு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நம் நாட்டில் வீதியின் இடப்பக்கமாகவே ஓட வேண்டும். கொழும்பிலிருந்து தெற்கே போகும்போது கடல் வலப்பக்கம் இருக்கும். ஆகவே பேருவளையில் கெச்சிமலைப் பள்ளிவாசலுக்குப் போவதானாலும், வெலிகமக் குடாவில் சற்று நின்று படகுகளைப் பார்ப்பதானாலும், ஒவ்வொரு தடவையும் விரைந்துவரும் பஸ்களுக்கு நடுவே வீதியைக் குறுக்கறுக்க வேண்டும். தெற்கிலிருந்து கொழும்பை நோக்கி வந்தால் கடல் உங்கள் பக்கத்திலேயே இருக்கும். நினைத்த இடத்தில் காலை ஊன்றி நிற்கலாம்.

காற்றும் இதையே சொல்கிறது. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வீசுவது வடகீழ்ப் பருவக்காற்று. மாத்தறையைத் தாண்டிக் கிழக்கே ஓடுபவருக்கு அது முகத்தில் அடிக்கும். மேற்கே திரும்பி வருபவரை அது முதுகில் தள்ளிவிடும். மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்று கிழக்கே போவோருக்குத் துணையாக இருந்தாலும், கொழும்புக்கும் மாத்தறைக்கும் இடையே மழை ஓட விடாது.

ஜனவரியில் போவோருக்கு நான் சொல்வது ஒன்றுதான். கரையோர ரயிலில் முதலில் தெற்கே போய்விடுங்கள். மாத்தறையில் முடிந்த பாதை 2019இல் பெலியத்த வரை நீட்டிக்கப்பட்டது. அங்கிருந்து தங்காலைக் கடற்கரை தொலைவில் இல்லை. பொதிகள் ஏற்றும் பெட்டி உள்ள ரயிலில்தான் சைக்கிளை ஏற்ற முடியும் என்பதால் முதல் நாளே நிலையத்துக்குப் போய்க் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

பாரம் முழுவதையும் பின்சில்லின் மேல் ஏற்றுவது

இதைப் பற்றித்தான் நான் விரிவாக எழுத விரும்புகிறேன். எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொன்னாலும் மாறாத தவறு இது. பணச் செலவும் மனக் கசப்பும் இதனால் வருவதுபோல வேறு எதனாலும் வருவதில்லை.

தனியாகப் போகிறவருக்குப் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்ள யாரும் இல்லை. கருவிகள், உடைகள், மழையங்கி, சமையல் அடுப்பு, கூடாரம் என்று எல்லாவற்றையும் தானே சுமக்க வேண்டியிருப்பதால், பின்னால் ஒரு கரியரைப் பூட்டி, அதன் இரு பக்கமும் பைகளைத் தொங்கவிட்டு, மேலே கூடாரத்தைக் கட்டிவிடுகிறார். ஓட்டுபவரின் உடல் எடையில் பெரும்பகுதியை ஏற்கெனவே தாங்கிக்கொண்டிருக்கும் பின்சில்லின் மேல் இன்னும் 20 கிலோவுக்கு மேல் ஏறிவிடுகிறது.

பின்சில்லின் அமைப்பைச் சற்றுப் புரிந்துகொள்ள வேண்டும். வலப்பக்கத்தில் கியர் பற்சில்லுகளுக்கு இடம் விட வேண்டியிருப்பதால், அந்தப் பக்கக் கம்பிகள் செங்குத்தாக நின்று மிகுந்த இழுவிசையைத் தாங்குகின்றன. இடப்பக்கக் கம்பிகள் சற்றுத் தளர்ந்திருக்கின்றன. சில்லு சுழலும்போது ஒவ்வொரு கம்பியும் நிலத்தை நோக்கி வரும் கணத்தில் தன் இழுவிசையில் ஒரு பகுதியை இழந்து, மேலே போகும்போது மீண்டும் பெறுகிறது. ஒரு சுற்றில் சில்லு கடப்பது 2 மீற்றருக்குச் சற்றுக் கூடுதலான தூரம் என்பதால், கொழும்பிலிருந்து காலி போய்ச் சேர்வதற்குள் ஒவ்வொரு கம்பியும் 50,000 தடவைக்கு மேல் தளர்ந்து இறுகுகிறது. இழுவிசை எல்லாக் கம்பிகளிலும் ஒரே சீராக இருந்தால் சில்லு இதைப் பல்லாண்டு தாங்கும். சீராக இல்லாத சில்லில், சில கம்பிகள் ஒவ்வொரு சுற்றிலும் முற்றாகத் தளர்ந்து மீள்வதால் உலோகம் களைத்து, ஹப்பின் (சில்லின் நடுக்குடத்தின்) துளைக்குள் கம்பி வளைந்து நுழையும் முழங்கையில் முறிகிறது. பாரம் கூடக் கூட இது விரைவுபடுகிறது. விலை குறைந்த வண்டிகளின் சில்லுகள் இயந்திரத்தில் பூட்டப்பட்டு, கைபடாமலேயே கடைக்கு வந்துவிடுகின்றன.

ஒரு ஜனவரி மாதத்தில் வெள்ளவத்தைத் தம்பி ஒருவர் புறப்படுவதற்கு முதல் நாள் மாலை தம் வண்டியைக் கொண்டுவந்து காட்டினார். நான் பின்சில்லின் வலப்பக்கக் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டிப் பார்த்தேன். ஒன்று தம்புராத் தந்தியைப் போலத் தெளிவாக ஒலித்தது. அடுத்தது மந்தமாக முனகியது. அதற்கடுத்தது ஓசையே எழுப்பவில்லை. ஒரு வாரம் தள்ளிப்போட்டுச் சில்லைச் சீர்செய்துகொண்டு போகும்படி சொன்னேன். "அண்ணா, புது வண்டிதானே, ஒன்றும் ஆகாது என்று கடையில் சொன்னார்கள்" என்று விடைபெற்றுக்கொண்டார்.

கொஸ்கொடவை நெருங்கும்போது பின்னால் 'டிங்' என்று ஓர் ஓசை கேட்டதாம். கல் தெறித்திருக்கும் என்று எண்ணி அவர் நிற்கவில்லை. ஒரு கம்பி போனதும் அதன் பங்கு பாரத்தை அயலிலுள்ள கம்பிகள் ஏற்றுக்கொள்வதால் அவையும் அடுத்தடுத்து முறிந்தன. ரிம் நெளிந்து பிரேக் கட்டையில் உரசத் தொடங்கியபோது, அவர் பிரேக்கைத் தளர்த்திவிட்டு ஓடினார். எனக்கு மிகவும் கோபமூட்டிய செயல் இதுதான். பஸ்கள் நெருக்கியடிக்கும் வீதியில், அந்தப் பாரத்தோடு, பின் பிரேக் இல்லாமல் ஒருவர் தனியாகப் போயிருக்கிறார். அம்பலாங்கொடையில் அவருக்கு உதவ முன்வந்த முதியவர் நல்ல கைகாரர். சாதாரணச் சைக்கிள் சில்லை நிமிடக் கணக்கில் சீராக்கிவிடக்கூடியவர். ஆனால் வலப்பக்கக் கம்பியை மாற்ற வேண்டுமானால் முதலில் கியர் பற்சில்லுகளைக் கழற்ற வேண்டும். அந்த வகைக்குரிய கழற்றி அவரிடம் இல்லை, தம்பியிடமும் இல்லை. கடையில் இருந்த கம்பிகளின் நீளமும் பொருந்தவில்லை. ஹிக்கடுவை வரை எப்படியோ தள்ளிக்கொண்டு போனபோது ரிம்மே வெடித்துவிட்டது. வான் பிடித்துக் கொழும்புக்குத் திரும்ப அவர் கொடுத்த கூலியில் மிகச் சிறிய பகுதிதான், புறப்படும் முன் சில்லைச் சீர்செய்ய ஆகியிருக்கும்.

ஆகவே புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே, சில்லுப் பூட்டத் தெரிந்த ஒருவரிடம் பின்சில்லைக் கொடுங்கள். கம்பிகளின் இழுவிசையைச் சீராக்கி, இணையாக ஓடும் கம்பிகளைச் சோடி சோடியாகக் கையால் இறுக்கி நெரித்து, மீண்டும் நெளிவு எடுத்துத் தரும்படி கேளுங்கள். வலப்பக்கக் கம்பிகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். இடப்பக்கம் அதைவிடத் தாழ்ந்து ஒலிப்பது இயல்பு. புதிதாகச் சில்லுப் பூட்டுவதானால் 36 கம்பிகள் கொண்டதாகப் பூட்டுங்கள். உங்கள் சில்லுக்கு உரிய நீளத்தில் இரு பக்கத்துக்கும் சில கம்பிகளை வாங்கி வண்டியின் சட்டத்தோடு சேர்த்து ஒட்டிக்கொள்ளுங்கள். இரு பக்கத்துக்கும் நீளம் ஓரிரு மில்லிமீற்றர் வேறுபடும் என்பதை மறக்க வேண்டாம். நிப்பிள் (கம்பியை ரிம்மோடு பிணைக்கும் சிறு திருகு) சாவியும், உங்கள் பற்சில்லுக்குரிய கழற்றியும் பையில் இருக்கட்டும். பற்சில்லைக் கழற்றாமலே ஹப்பில் கோத்துக் கட்டக்கூடிய நார்க்கம்பி ஒன்று கிடைத்தால் அதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

வழியில் கம்பி முறிந்தால் உடனே நில்லுங்கள். முறிந்ததைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிவிட்டு, அதற்கு இருபுறமும் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் இரண்டு கம்பிகளை அரைச் சுற்றுத் தளர்த்தினால் ரிம் ஓரளவு நடுவுக்கு வரும். டயர் பக்கத்திலிருந்து நிப்பிளைப் பார்ப்பதாகக் கொண்டால் வலஞ்சுழியாகத் திருப்புவது இறுக்கும். சில்லின் உட்புறமிருந்து பார்க்கும்போது அது தலைகீழாகத் தோன்றுவதால், தளர்த்துவதாக எண்ணி இறுக்கிவிடுபவர்கள் பலர். பிறகு பின்பாரத்தை முன்னுக்கு மாற்றி, மெதுவாக அடுத்த ஊரை அடையுங்கள்.

பாரத்தைக் குறைப்பது இவை எல்லாவற்றிலும் எளிது. பெந்தோட்டை முதல் தங்காலை வரை தங்குமிடத்துக்குப் பஞ்சமே இல்லாத இந்தக் கரையில் கூடாரமும் அடுப்பும் எதற்கு? 12 கிலோவுக்குள் எல்லாவற்றையும் அடக்க முடியும். அதிலும் கருவி, பூட்டு, தண்ணீர் போன்ற கனமானவற்றை முன்பக்கத்தில் தாழ்வாக வையுங்கள்.

முதுகுப்பை

வேண்டாம்.

முதல் நாளிலேயே 120 கிலோமீற்றர் ஓட நினைப்பது

தூரத்தை மட்டும் கணக்குப் பார்த்து, கொழும்புக்கும் காலிக்கும் இடையே ஒரே நாளில் ஓடிவிடலாம் என்று முடிவு செய்கிறார்கள். வெறும் வண்டியில் பழகியவருக்கு அது இயலும். பாரத்தோடு, முதல் தடவையாக, நண்பகல் வெயிலில் அது இயலாது. மேலும் முற்பகலுக்குப் பின் கடற்காற்று எழுந்து, கொழும்பு–காலிப் பகுதியில் பக்கவாட்டில் அடிக்கத் தொடங்கும். பைகள் தொங்கும் வண்டியை அது ஓயாமல் தள்ளும். காலை ஐந்தரைக்கு விளக்குகளோடு புறப்பட்டு, பதினொரு மணிக்குள் அன்றைய ஓட்டத்தின் பெரும்பகுதியை முடித்துவிட்டு, மூன்றரை வரை நிழலில் இருப்பதுதான் இந்தக் கரைக்கு ஏற்ற ஒழுங்கு. இரண்டு நாளாகப் பிரித்துப் பெந்தோட்டையில் தங்குங்கள்.

வீதி விளிம்போடு ஒட்டி ஓடுவது

விளிம்பில் ஓடினால் பாதுகாப்பு என்பது பலரின் எண்ணம். உண்மையில் மணலும், உடைந்த வடிகால் மூடிகளும், நிறுத்தியிருக்கும் முச்சக்கர வண்டிகளும் இருப்பது அங்கேதான்; திடீரென்று விலக வேண்டிவந்தால் பின்னால் வருபவருக்கு அது தெரியாது. விளிம்பிலிருந்து ஒரு மீற்றர் விட்டு நேர்கோட்டில் ஓடுங்கள். உங்களை முந்திய பஸ் உடனே இடப்பக்கம் வெட்டித் தரிப்பிடத்தில் நிற்கும் என்று எப்போதும் எதிர்பாருங்கள். நின்ற பஸ்ஸின் இடப்பக்கமாக நுழைந்தால் இறங்குபவரின் மேல் மோதுவீர்கள். இரத்மலானைக்கும் பாணந்துறைக்கும் இடையே இதற்குக் கூடுதல் கவனம் வேண்டும். கொழும்புக்குள் கொள்ளுப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் இடையே கடலோர மரைன் டிரைவைப் பயன்படுத்தினால் காலி வீதியின் நெருக்கடியில் ஒரு பகுதி தவிரும்.

சங்கிலிக்குத் தேங்காய் எண்ணெய்

கூடாது. கடற்கரை மணலைப் பிடித்து வைத்துக்கொண்டு பற்களை அரித்துவிடும். உப்புக் காற்றில் ஓடிய நாளின் இரவில், ஈரத்துணியால் துடைத்து, உலரவிட்டு, சங்கிலிக்கென்றே உள்ள எண்ணெயைத் துளித்துளியாக இடுங்கள்.

வெறும் தண்ணீரை மட்டும் குடிப்பது

வியர்வையோடு உப்பும் போகிறது. போத்தல் ஒன்றில் ஜீவனி (நீரிழப்புக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைத் தூள்) கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். வழிநெடுகக் கிடைக்கும் தம்பிலியும் (செவ்விளநீர்) நல்லது.

உதவி கேட்கத் தயங்குவது

வடக்கிலும் கிழக்கிலும் இருந்து கொழும்புக்கு வந்து குடியேறியவர்களில் சிலர், சிங்களம் சரளமாக வராது என்பதால் பழுது வந்தாலும் யாரையும் கேட்காமல் தாமே வருந்துகிறார்கள். களுத்துறையிலும் காலியிலும் அரைகுறைச் சிங்களத்துக்கு முகம் சுளிப்பவரை நான் காணவில்லை. பேருவளை, தர்கா நகர், வெலிகம போன்ற ஊர்களில் தமிழிலேயே பேசும் முஸ்லிம் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். சுத்தியல், கம்பி, ஒரு வாய் தேநீர் என எதையும் கேட்கலாம்.

அம்பாந்தோட்டைக்கு அப்பால் நேரம் பாராமல் ஓடுவது

கடற்கரைப் பயணத்தைக் கதிர்காமத்தில் முருகன் சந்நிதியில் நிறைவு செய்ய வேண்டும் என்ற விருப்பம் நம்மவர் பலருக்கு உண்டு. அது நல்ல விருப்பம்தான். ஆனால் அம்பாந்தோட்டையைத் தாண்டியதும் வீதி வறண்ட காட்டோரமாகப் போகிறது. புந்தல, வீரவில பகுதிகளில் பொழுது சாயும் வேளையில் யானைகள் வீதிக்கு வரும். சைக்கிளில் இருப்பவருக்கு யானையின் முன்னால் எந்தக் காப்பும் இல்லை; அதன் ஓட்டத்தை அவரால் வெல்லவும் முடியாது. நான்கு மணிக்குள் திஸ்ஸமகாராமயை அடைந்து அங்கேயே தங்கி, மறுநாள் நன்கு விடிந்த பிறகு கதிர்காமம் போங்கள்.

கதிர்காமத்திலிருந்து கிழக்குக் கரைக்குப் போக எண்ணுவோர் புத்தல வீதியில் சைக்கிளில் இறங்கவே வேண்டாம். வாகனங்களை மறித்து உணவு தேடப் பழகிய யானைகள் நிற்கும் வீதி அது. பாத யாத்திரைக் காலத்தில் குமண, யால வழியாகக் காட்டுப்பாதை திறக்கப்படுவதைச் சொல்லி, அவ்வழியே சைக்கிளில் போகலாமா என்று கேட்கிறார்கள். அது கூட்டமாக நடந்து செல்லும் அடியார்களுக்காகக் குறித்த நாட்களில் மட்டும் திறக்கப்படுவது. அறுகம்பைக்குப் போக வேண்டுமானால் வண்டியைப் பஸ்ஸில் ஏற்றி மொனராகலையில் இறங்கி, சியம்பலாண்டுவை வழியாக, அறுகம்பையை அடுத்துள்ள பொத்துவிலுக்குப் பகல் வெளிச்சத்தில் ஓடுங்கள்.