இரட்டைத் துவக்கம் நின்றுபோன பழைய மேசைக் கணினியைச் சரிசெய்யும் முறை

விண்டோஸும் லினக்ஸும் ஒன்றாக நிறுவப்பட்ட கணினியில் ஒருநாள் தேர்வுப் பட்டியல் வராமல் கறுப்புத் திரை மட்டும் நின்றால், புதிதாகப் பழகுபவர்கள் பலர் இரண்டையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவத் தொடங்கிவிடுகிறார்கள். பெரும்பாலான நேரங்களில் அதற்குத் தேவையே இராது. கோப்புகள் வன்தட்டில் அப்படியே இருக்க, அவற்றை எட்டும் வழிதான் எங்கோ அறுந்திருக்கும். கணினியை இயக்கியதும் முதலில் ஓடி, இயங்குதளத்தைத் துவக்கி வைக்கும் தாய்ப்பலகை நிரல்தான் பயாஸ்; அதன் இடத்தில் பின்னர் வந்தது யுஇஎஃப்ஐ. யுஇஎஃப்ஐ வருவதற்கு முந்தைய, பயாஸ் முறையில் துவங்கும் கணினிகளுக்கானது இந்த விளக்கம்.

பழுது பார்ப்பதற்கு முன் துவக்கம் நடக்கும் வரிசையைத் தெரிந்துகொள்ள வேண்டும். பயாஸ் வன்தட்டின் முதல் 512 பைட்டை மட்டுமே படிக்கும். அதில் 446 பைட் துவக்க நிரலுக்கும், 64 பைட் பார்ட்டிஷன் (வன்தட்டின் பிரிவு) அட்டவணைக்கும், கடைசி 2 பைட் அடையாளக் குறிக்கும் உரியவை. 446 பைட்டுக்குள் ஒரு முழு நிரல் அடங்காது என்பதால், தேர்வுப் பட்டியலைக் காட்டும் லினக்ஸின் துவக்க நிரலான கிரப் தன் முதல் துண்டை அங்கேயும், இரண்டாம் துண்டை முதல் பார்ட்டிஷனுக்கு முன்னால் உள்ள வெற்றிடத்திலும், பட்டியல் உள்ளிட்ட மற்றவற்றை லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள்ளும் வைத்துக்கொள்கிறது.

ஆகவே முதல் வேலை, திரையில் தெரிவதைக் கைப்பேசியில் படம் எடுப்பது. துவக்கக் கருவி எதுவும் கிடைக்கவில்லை என்ற செய்தி வந்தால், பயாஸுக்கு வன்தட்டே தெரியவில்லை, அல்லது அது தவறான வன்தட்டில் தேடுகிறது. பட்டியல் வராமல் நேராக விண்டோஸ் திறந்தால், அண்மையில் நிறுவிய விண்டோஸ் அந்த 446 பைட்டின் மேல் தன் நிரலை எழுதியிருக்கும். ‘கிரப் ரெஸ்க்யூ’ என்ற வரி வந்தால், முதல் இரண்டு துண்டுகளும் ஓடிவிட்டன, மூன்றாவதைத்தான் காணவில்லை என்று பொருள். விண்டோஸுக்குள்ளிருந்து யாரோ ஒரு பார்ட்டிஷனை நீக்கியதோ மாற்றியதோ இதற்கு வழக்கமான காரணம்.

இரண்டாவதாக, கணினியை இயக்கியதும் டெலீட் அல்லது எஃப்2 விசையை அழுத்திப் பயாஸுக்குள் சென்று, வன்தட்டின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் மின்சாரத்தைத் துண்டித்து, வன்தட்டைத் தாய்ப்பலகையோடு இணைக்கும் சாட்டா கேபிளைக் கழற்றி மீண்டும் செருகுங்கள். வன்தட்டு தெரிந்தும் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருந்தால், தாய்ப்பலகையில் இருக்கும் சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரி தீர்ந்துவிட்டது. (இயங்குதளம் மாறும்போதெல்லாம் நேரம் குறிப்பிட்ட சில மணி மட்டும் பிசகினால் பேட்டரியைக் குறை சொல்ல வேண்டாம், லினக்ஸ் கணினிக் கடிகாரத்தை உலகப் பொது நேரமாகவும், விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் எடுத்துக்கொள்வதால் வருவது அது.) பேட்டரியை மாற்றிய பிறகு துவக்க வரிசையை மட்டுமல்ல, கணினி வன்தட்டோடு பேசும் விதமான சாட்டா முறையையும் பழையபடி அமைக்க வேண்டும். அது ஏஎச்சிஐ என்பதிலிருந்து ஐடிஇ என்ற பழைய முறைக்கு மாறியிருந்தால், லினக்ஸ் வழக்கம்போலத் துவங்க, விண்டோஸ் மட்டும் நீலத் திரையுடன் நிற்கக்கூடும். பழைய விண்டோஸ் பதிப்புகளில் அந்தத் திரையிலுள்ள பிழை எண் 7பி என்று முடியும்.

பயாஸில் எல்லாம் சரியாக இருந்தும் பட்டியல் வரவில்லை என்றால்தான் கிரப்பை மீண்டும் எழுத வேண்டும். வேறொரு கணினியில் ‘பூட் ரிப்பேர் டிஸ்க்’ என்ற துவக்கப் பழுதுநீக்கக் கருவியை இறக்கிப் பென் டிரைவில் எழுதி, அதிலிருந்து கணினியைத் துவக்குங்கள். துவக்கத் தேர்வில் அதே பென் டிரைவ் இரண்டு முறை தெரிந்தால், யுஇஎஃப்ஐ என்ற முன்னொட்டு இல்லாததைத் தேர்ந்தெடுங்கள்; பழைய முறையில் நிறுவியதைப் புதிய முறையில் திருத்தப் போனால் சிக்கல் இரட்டிப்பாகும். முக்கியமான கோப்புகளை முதலில் வெளிவட்டுக்கு நகலெடுத்துவிட்டு, பரிந்துரைக்கப்பட்ட பழுதுநீக்கம் என்ற பொருள்படும் பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் போதும்.

இரண்டு வன்தட்டுகள் உள்ள கணினி என்றால் மட்டும் மேம்பட்ட தேர்வுகளுக்குள் சென்று, கிரப் எந்த வட்டில் எழுதப்படும் என்பதை நீங்களே குறிப்பிடுங்கள். லினக்ஸ் வட்டுகளுக்கு இடும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் ஒவ்வொரு துவக்கத்திலும் மாறக்கூடியவை என்பதால், வட்டை அதன் கொள்ளளவைக் கொண்டே அடையாளம் காண வேண்டும். நான் ஒருமுறை பெயரை நம்பிப் பென் டிரைவிலேயே கிரப்பை எழுதிவிட்டு, அதைச் செருகினால் மட்டும் துவங்கும் கணினியோடு ஒரு மாலை முழுவதும் போராடினேன்.

பட்டியல் திரும்பி வந்தும் அதில் விண்டோஸ் இல்லாமல் போகலாம். 2021-இல் வெளிவந்த கிரப் 2.06 முதல், பிற இயங்குதளங்களைத் தேடும் வேலை பாதுகாப்புக் கருதி இயல்பாகவே நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. லினக்ஸில் நுழைந்து, ‘எட்சி’ கோப்புறையின் ‘டிஃபால்ட்’ பகுதியில் உள்ள ‘கிரப்’ கோப்பை நிர்வாகி உரிமையுடன் திறந்து, ‘டிஸேபிள் ஓஎஸ் புரோபர்’ என்ற சொற்கள் வரும் வரியின் தொடக்கத்தில் # குறி இருந்தால் நீக்கி, மதிப்பை ‘ஃபால்ஸ்’ என்று எழுதுங்கள். நிறுத்தி வைப்பதைத்தான் இங்கே மறுக்கிறோம். தேடல் வேண்டும் என்று நினைத்து ‘ட்ரூ’ என்று எழுதிவிடுபவர்கள் உண்டு. கோப்பைச் சேமித்து, டெர்மினலில் நிர்வாகி உரிமையுடன் ‘அப்டேட்-கிரப்’ கட்டளையை இயக்கும்போது, விண்டோஸ் கண்டறியப்பட்டதாக ஒரு வரி தெரிய வேண்டும். அந்த வரியைப் பார்த்த பிறகே கணினியை மறுதுவக்கம் செய்யுங்கள்.