கல்லூரி விண்ணப்பத்தில் வீட்டையும் ஊரையும் எப்படி எழுதுவது: வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு

பிளஸ் ஒன் சேர்ந்த வருஷமே இதைப் படித்துவிடுங்கள். பிளஸ் டூ அரையாண்டு நேரத்தில் படித்தால் பாதிதான் உதவும், ஏனென்றால் இதில் பாதி வேலை எழுதுவதே கிடையாது, செய்வது.

முதலில் இது யாருக்கு என்று சொல்லிவிடுகிறேன். பொறியியல் கலந்தாய்வுக்குப் போகிறவர்களுக்கு 200-க்கு எத்தனை கட் ஆஃப் என்பதுதான் பேச்சு, மருத்துவம் என்றால் நீட். அங்கே உங்கள் பின்னணி இடஒதுக்கீடாகக் கணக்கில் வரும், அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடும் உண்டு, ஆனால் உங்கள் கதையை உட்கார்ந்து படிக்க அங்கே ஆள் இல்லை. கதை கேட்கிற இடங்கள் வேறு. பெங்களூரில் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் எழுத்துத் தேர்வுக்கு அப்புறம் நேர்முகத்துக்குக் கூப்பிடுகிறது, அரியானாவில் சோனிபட்டில் இருக்கிற அசோகா பல்கலைக்கழகம் கட்டுரை கேட்கிறது, அமெரிக்கக் கல்லூரிகள் பல காமன் ஆப் என்ற ஒரே விண்ணப்பம் வழியாகக் கட்டுரையும் செயல்பாடுகளின் பட்டியலும் கேட்கின்றன. இவர்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றிக் கேட்பது இரண்டே விஷயம்: நீ எங்கேயிருந்து வருகிறாய், உன்னைச் சுற்றியிருப்பவர்களுக்கு என்ன செய்தாய்.

நம் பக்கத்துப் பிள்ளைகள் எழுதியதை நிறையப் படித்துப் பார்த்துச் சொல்கிறவன் நான். பெரும்பாலும் இந்த இரண்டு கேள்விக்கும் இரண்டு தனிப் பதில் எழுதிக்கொண்டு வருகிறார்கள். எங்கேயிருந்து வருகிறாய் என்றதற்கு வேலூர்க் கோட்டை, 1806 சிப்பாய்ப் புரட்சி, ஆம்பூர் பிரியாணி. என்ன செய்தாய் என்றதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முதியோர் இல்லத்தில் பழம் கொடுத்த போட்டோவும் ஒரு சான்றிதழும். இரண்டிலும் அந்தப் பிள்ளையைக் காணவே முடியாது. நான் சொல்வது ஒன்றுதான்: இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் தெருவிலும் என்ன நடக்கிறது, அதில் உங்கள் கை எங்கே பட்டது, அங்கேயிருந்து எழுதுங்கள்.

ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் முழுக்க, பள்ளியும் தூக்கமும் போக மீதி நேரத்தில் என்ன செய்கிறீர்கள் என்று தினமும் ராத்திரி எழுதுங்கள், நல்லதாகத் தெரிகிறதா என்று பார்க்காமல் எழுதுங்கள். குடியாத்தத்தில் அப்பாவின் லுங்கித் தறிக்கு நூல் சுற்றிக் கொடுத்தீர்களா, இலவம்பாடியில் முள் கத்தரிக்காய் பறித்து மார்க்கெட்டுக்கு ஏற்றினீர்களா, அம்மா ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போய்விட்டுத் திரும்புகிற வரைக்கும் தம்பியைப் பார்த்துக்கொண்டீர்களா, எல்லாம் எழுதுங்கள். "இதெல்லாம் வீட்டு வேலைதானே சார், இதைப் போய் எப்படி எழுதுவது" என்று கேட்காத பிள்ளையே இல்லை. காமன் ஆப்பில் செயல்பாடு எந்த வகை என்று தேர்ந்தெடுக்கிற பட்டியலில் குடும்பப் பொறுப்பு என்று ஒரு வகை இருக்கிறது, சம்பளத்துக்குச் செய்த வேலை என்று ஒன்று இருக்கிறது. அவர்களே கேட்கிறார்கள். மொத்தம் 10 செயல்பாடுகள் வரை போடலாம், ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துகள்தான், இடைவெளியும் அதில் சேர்த்தி. வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வருஷத்துக்கு எத்தனை வாரம் என்றும் கேட்பார்கள், உண்மையைப் போடுங்கள். தம்பியைப் பார்த்துக்கொள்வது வாரத்துக்கு 20 மணி நேரம் என்றால் அந்த 20 மணி நேரம்தான் நீங்கள் ஏன் ஸ்டேட் லெவல் போட்டிக்குப் போகவில்லை என்பதற்கும் பதில்.

இங்கே வேலூருக்கே உரிய ஒன்றைச் சொல்ல வேண்டும். சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றி வளர்ந்த பிள்ளைகளுக்கு வங்காளமும் இந்தியும் காதில் விழுந்துகொண்டே இருக்கும். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம், வங்கதேசத்திலிருந்து வந்து லாட்ஜில் தங்கி வாரக்கணக்கில் வைத்தியம் பார்க்கிற குடும்பங்கள், கடைகளில் வங்காள எழுத்தில் பலகை. மாமா லாட்ஜில் கணக்கு பார்க்கிற ஒரு பையன், மருந்துச் சீட்டைப் படித்துக் காட்டி, எந்த வேளைக்கு எது என்று இந்தியில் சொல்லி, ஆட்டோக்காரரிடம் பேரம் பேசிக் கொடுக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு அது சேவை என்றே தோன்றாது, ஏனென்றால் பேட்ஜ் இல்லை, பேனர் இல்லை. ஆனால் அந்நியமான ஊரில் பயந்து நிற்கிற ஒருவருக்கு வாரா வாரம் அவன் செய்தது, ஒரு நாள் முகாமில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டதைவிடப் பெரிது. அவன் இனிமேல் செய்ய வேண்டியதும் இருக்கிறது: திரும்பத் திரும்ப எந்தக் கேள்வி வருகிறது என்று குறித்து வைத்து, ஒரு பக்கத்துக்கு வங்காளத்திலும் இந்தியிலும் எழுதி, வங்காளம் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் சரிபார்த்து, லாட்ஜ் வரவேற்பில் ஒட்டி வைக்கலாம். ஏற்கெனவே செய்வதை ஒரு படி தள்ளிச் செய்வது, அவ்வளவுதான். புதிதாக ஒரு சங்கம் ஆரம்பித்துத் தலைவர் என்று போட்டுக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை.

எழுதுகிற விதத்துக்கு ஒரு மாதிரி காட்டுகிறேன். பாட்டி பீடி சுற்றுகிற வீட்டிலிருந்து வருகிற ஒரு பெண் இப்படி எழுதுவாள்: "சிறு வயதிலிருந்தே ஏழைகளுக்கு உதவ வேண்டும் என்ற எண்ணம் எனக்கு உண்டு. என் பாட்டி பீடி சுற்றி மிகவும் கஷ்டப்பட்டு எங்களை வளர்த்தார்." இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இதை யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். அவளிடம் கேள்வி கேட்டுக் கேட்டு எழுத வைத்தால் வேறு ஒன்று வரும்: "பாட்டிக்குக் கணக்கு எழுதுவது என் வேலை. இலையை எடை போட்டுத்தான் தருவார்கள், அதில் கிழிந்த இலையும் சேர்ந்து வரும். ஆயிரம் பீடி கேட்பார்கள், இலை பத்தாது, மீதி இலையைப் பாட்டி தன் காசில் வாங்குவார். எட்டாம் வகுப்பில் இதைத் தேதி போட்டு எழுத ஆரம்பித்தேன். அப்புறம் எதிர் வீட்டு அத்தையும் அவருடைய பாஸ் புத்தகத்தை எடுத்து வந்தார். இப்போது எங்கள் தெருவில் யார் யாருக்கு எவ்வளவு இலை குறைகிறது என்று என்னால் சொல்ல முடியும்." பாருங்கள், இதில் கஷ்டம் என்ற வார்த்தையே இல்லை, ஆனால் கஷ்டம் தெரிகிறது, அந்தப் பெண்ணின் மூளையும் தெரிகிறது. இவள் பொருளாதாரமோ புள்ளியியலோ படிக்க ஆசைப்படுகிறாள் என்றால் ஏன் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. பீடி என்றால் என்ன என்று தெரியாதவர் படிப்பார், அதற்கு அரை வரி சேர்த்தால் போதும்.

திருவிழா, கூத்து பற்றி எழுதுகிறவர்களுக்கும் இதேதான். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு எவ்வளவு கூட்டம் வரும் என்று எழுதாதீர்கள், அது இணையத்தில் கிடைக்கும். அந்தக் கூட்டத்தில் நீங்கள் எங்கே நின்றீர்கள்? தண்ணீர்ப் பந்தலிலா, செருப்பு காக்கிற இடத்திலா, அம்மாவோடு கடை போட்டீர்களா? செய்யாறு, ஆற்காடு பக்கத்துப் பிள்ளைகளுக்குத் திரௌபதியம்மன் கோயில் பாரதம் கையிலேயே இருக்கிற பெரிய விஷயம். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி விடிய விடியக் கூத்து, கடைசியில் படுகளம், தீமிதி. அதில் பின்பாட்டு பாடுகிற தாத்தாவிடம் பாட்டை போனில் பதிவு செய்து எழுதி வைக்கிற பேத்தி இருந்தால், பின்னணி, சேவை, படிப்பு ஆர்வம் மூன்றும் அங்கேயே இருக்கிறது. கூத்துக்காரர் குடும்பமாக இல்லாமல் வெறும் பார்வையாளராக இருந்தால் அப்படியே எழுதுங்கள். பார்த்ததில் எது பிடிக்கவில்லை, எதைக் கேள்வி கேட்டீர்கள் என்பதும் எழுத வேண்டியதுதான். தன் ஊரைப் புகழ்ந்துகொண்டே போகிற கட்டுரையில் நம்பிக்கை வராது.

இன்னும் எதுவும் ஆரம்பிக்கவில்லை, என்ன சேவை செய்யலாம் என்று கேட்கிறவர்களுக்கு: வீட்டிலிருந்து நடந்தோ சைக்கிளிலோ போகிற தூரத்தில் இருப்பதை எடுங்கள், ஒன்றை மட்டும் எடுங்கள், இரண்டு வருஷம் விடாதீர்கள். பள்ளியில் என்.எஸ்.எஸ். இருந்தால் சேருங்கள், இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் என்பது நல்ல அடித்தளம். ஆனால் அதற்கு மேல் உங்களுடையது என்று ஒன்று வேண்டும்.

பாலாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டில் தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்த கதை நம் எல்லோருக்கும் தெரியும். வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு, கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது, சட்டம் படிக்கிறவர்கள் நாடு முழுக்க அதைப் படிக்கிறார்கள். இதை வைத்து "பாலாற்றைக் காப்போம்" என்று பேரணி போனதாக எழுதுவதைவிட, தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்கிற, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற டி.டி.எஸ். மீட்டர் ஒன்றை வாங்கி, உங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் பத்து கிணறு, போர் தேர்ந்தெடுத்து, மாதம் ஒரு முறை அளந்து எழுதுங்கள். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை சரி, வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2000 வரை என்று இந்தியத் தர நிர்ணய அமைப்பு சொல்கிறது. அந்த மீட்டர் உப்பின் மொத்த அளவைத்தான் காட்டும், தோல் கழிவில் வருகிற குரோமியத்தைத் தனியாகக் காட்டாது, அதையும் எழுதுங்கள், தன் அளவீட்டின் எல்லை தெரிந்த மாணவரை எந்தக் கல்லூரிக்கும் பிடிக்கும். ஒரு வருஷக் கணக்கு கையில் வந்ததும் கிராம சபையில் கொண்டுபோய் வையுங்கள். கிராம சபையில் உங்கள் வயசுக்கு மரியாதை கிடைக்குமா என்று யோசிக்காதீர்கள், அப்பாவையோ சித்தப்பாவையோ கூட்டிக்கொண்டு போங்கள்.

அதே வீட்டில் அப்பா தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடுகிற தொழிற்சாலையில், வேலை பார்க்கிறவராக இருக்கலாம். அந்தச் சம்பளத்தில்தான் மீட்டரே வாங்கியிருப்பீர்கள். இதை மறைக்காதீர்கள். கிணறும் கெட்டது, வீட்டில் சோறும் அதில்தான் வந்தது என்ற இரண்டையும் ஒரே கட்டுரையில் வைத்து, இன்னும் எனக்கு முடிவு தெரியவில்லை என்று ஒரு பிள்ளை நேர்மையாக எழுதினால், என் கணிப்பில் அதற்கு மேல் ஒரு கட்டுரை வேண்டாம். ஷாப் முதலாளி வீட்டுப் பிள்ளைக்கும் இது பொருந்தும், வசதியான வீடு என்பதும் ஒரு பின்னணிதான், அதைச் சொல்லாமல் ஏழைகளின் தண்ணீரைப் பற்றி மட்டும் எழுதினால் ஏதோ ஒன்று குறைகிறது என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

சாதி, மதம் எழுதலாமா என்று பலர் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை, எழுதக் கூடாது என்றும் இல்லை. அமெரிக்காவில் 2023 ஜூனில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு அப்புறம், இனத்தை மட்டும் பார்த்துக் கல்லூரிகள் சலுகை தர முடியாது, ஆனால் அது தன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று மாணவர் எழுதினால் அதைக் கணக்கில் எடுக்கலாம். அந்தத் தீர்ப்பு பேசியது அந்த நாட்டின் இன வேறுபாட்டைப் பற்றி, இருந்தாலும் எழுதுகிற முறைக்கு அதில் நமக்கும் வழி இருக்கிறது. பெயரை மட்டும் சொல்லி நிறுத்தாமல் நடந்ததைச் சொல்லுங்கள்: எந்தத் தெருவுக்குள் தேர் வராது, தண்ணீர்க் குழாயில் யார் கடைசியில் நின்றார்கள், அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள் அல்லது ஏன் ஒன்றும் செய்ய முடியவில்லை. வலிக்கிற விஷயத்தை அந்நியருக்குக் காட்ட மனசில்லை என்றால் விட்டுவிடுங்கள், சீட்டுக்காக அதைத் திறக்க வேண்டியதில்லை. அந்த உரிமை முழுக்க உங்களுடையது, வீட்டில் பெரியவர்கள் சொன்னாலும் சரி, பணம் வாங்கிக்கொண்டு விண்ணப்பம் தயாரித்துத் தருகிற ஆலோசகர் சொன்னாலும் சரி.

அடுத்தவருக்கும் அவர் கதை மேல் இதே உரிமை உண்டு. எதிர் வீட்டு அத்தையின் கணக்கை எழுதுகிறீர்கள் என்றால் அவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள், பெயரை எடுத்துவிடுங்கள்.

முதல் வரைவைத் தமிழிலேயே எழுதுங்கள். ஆங்கிலத்தில் நேராக ஆரம்பித்தால் தெரிந்த வார்த்தைக்குள் கதை சுருங்கிவிடும். தமிழில் இரண்டு மூன்று பக்கம் கொட்டிவிட்டு, அப்புறம் ஆங்கிலத்தில் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள். காமன் ஆப் கட்டுரைக்கு உச்ச வரம்பு 650 வார்த்தை. இங்கிலாந்துக்கு விண்ணப்பிக்கிறவர்கள் மட்டும் வேறு மாதிரி யோசிக்க வேண்டும், 2026 சேர்க்கையிலிருந்து அங்கே மூன்று கேள்வி, மூன்றுக்கும் சேர்த்து 4000 எழுத்து, எடுத்திருக்கிற பாடத்தை ஒட்டித்தான் எழுத வேண்டும், கிணறு அளந்ததைக்கூட வேதியியலுக்கோ புவியியலுக்கோ கட்டித்தான் சொல்ல வேண்டும்.

கடைசியாக, விண்ணப்பத்தோடு ஆசிரியர் தருகிற பரிந்துரைக் கடிதம். அமெரிக்கக் கல்லூரிகளில் முன்கூட்டிய சுற்றுக்குப் பெரும்பாலும் நவம்பர் 1, வழக்கமான சுற்றுக்கு ஜனவரி முதல் வாரம் என்று கெடு வரும், அது நம் பள்ளிகளில் மழை விடுமுறையும் அரையாண்டும் சேர்ந்து வருகிற காலம். அதனால் ஆகஸ்டிலேயே ஆசிரியரிடம் கேளுங்கள். இந்த மாதிரிக் கடிதம் அவர் எழுதியே இருக்க மாட்டார், "நல்ல மாணவன், ஒழுக்கமானவன்" என்று நான்கு வரியில் முடித்துவிடுவார். நீங்கள் ஒரு தாளில், வகுப்பில் நடந்த இரண்டு சம்பவம், கிணற்றுக் கணக்கு நோட்டின் நகல், வீட்டில் எத்தனை மணி நேரம் வேலை இருக்கிறது என்ற விவரம் எழுதிக் கொடுத்து, "சார், இதில் உங்களுக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள்" என்று கேளுங்கள். தமிழில் எழுதத்தான் அவருக்கு வசதி என்றால் தமிழில் எழுதச் சொல்லுங்கள், ஆங்கில ஆசிரியரோ தலைமையாசிரியரோ மொழிபெயர்க்கட்டும், நீங்கள் மொழிபெயர்க்கக் கூடாது. அவருக்கு மின்னஞ்சல் முகவரி இல்லையென்றால் அன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றைத் திறந்து கொடுத்துவிட்டு வாருங்கள், கடிதத்தைப் பதிவேற்றும் இணைப்பு அந்த முகவரிக்குத்தான் வரும்.