சுருள் கொசுவலை வாங்கும் முன்: வகை, அளவு, வலைக்கண்

வேண்டும்போது இழுத்து மூடி, வேண்டாதபோது ஓரத்துப் பெட்டிக்குள் ஒதுக்கிவிடக்கூடிய கொசுவலைகளை எங்கள் வீட்டுக் கதவுகளுக்கும் சன்னல்களுக்கும் நானே தேர்ந்தெடுத்துப் பொருத்திய அனுபவத்தில் இதை எழுதுகிறேன். விற்பவர்கள் முதலில் சட்டத்தின் நிறத்தைக் காட்டுவார்கள். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் படி: வகையைத் தீர்மானித்தல்

சுருள் வலை ஒரு குழாயில் சுற்றிக்கொள்கிறது; குழாய்க்குள் உள்ள ஸ்பிரிங் அதை எப்போதும் பின்னுக்கு இழுத்தபடியே இருக்கும். மடிப்பு வலை விசிறிபோல மடிந்து ஒதுங்குகிறது. அதனூடே ஓடும் மெல்லிய கயிறுகள் அதை விறைப்பாக வைத்திருப்பதால், விட்ட இடத்திலேயே நிற்கும். என் விருப்பம் வெளிப்படையானது: சன்னலுக்கு மேலிருந்து இறங்கும் சுருள் வலை, ஆள் நடமாடும் கதவுக்கு மடிப்பு வலை. கதவுக்கும் சுருள் வலைதான் வேண்டும் என்றால், கைநழுவினாலும் மெதுவாகத் திரும்பும்படி வேகத்தடை உள்ளதையே கேளுங்கள்.

இரண்டாம் படி: அளவெடுத்தல்

பெரும்பாலான சிக்கல்கள் இங்கேதான் பிறக்கின்றன. அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களிலும், உயரத்தை இடம், நடு, வலம் என மூன்று இடங்களிலும் இரும்பு டேப்பால் மில்லிமீட்டரில் அளக்க வேண்டும். துணி டேப் இழுபடும் என்பதால் அதை நான் தொடுவதே இல்லை. நிலைக்குள்ளே, அதாவது சுவரில் பதிந்த கதவு அல்லது சன்னல் சட்டத்துக்குள்ளே, பொருத்துவதானால் கிடைத்த அளவுகளில் சிறியதையே எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்து இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். அவை ஒன்றுக்கொன்று வேறுபட்டால் நிலை கோணலாக இருக்கிறது என்று பொருள். அத்தகைய நிலையில், வலையின் முனையில் அதோடு நகரும் கம்பி மேலே முட்டும்போது கீழே இடைவெளி விடும், கொசுவுக்கு அதுவே வாசல். கோணல் அதிகமாக இருந்தால் நிலைக்குள் திணிக்காமல், சுவரின் முகப்பில் பொருத்தும் முறையைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. அடிப்பகுதி சாய்வாக இருக்கிறதா என ரசமட்டம் வைத்துப் பார்க்கவும் மறக்க வேண்டாம்.

அளவைக் கொடுக்கும்போது, அது நிலையின் திறப்பு அளவா, செய்து தர வேண்டிய வலையின் அளவா என்பதை எழுத்திலேயே குறிப்பிடுங்கள். திறப்பு அளவென்றால் பொருத்துவதற்கான இடைவெளியைத் தயாரிப்பவரே கழித்துக்கொள்வார். நீங்களும் முன்பே கழித்திருந்தால் இருமுறை கழிந்து, வலை சிறுத்துவிடும்.

மூன்றாம் படி: வலைக்கண்

ஓர் அங்குலத்துக்கு 18×16 இழைகள் கொண்ட ஃபைபர்கிளாஸ் வலை வழக்கமான கொசுக்களுக்குப் போதும். அதனினும் நுண்ணிய கடிபூச்சிகள் உள்ள இடங்களில் 20×20 தேவைப்படலாம், ஆனால் கண் சிறுக்கச் சிறுக்கக் காற்றோட்டம் குறையும். பூனையோ நாயோ இருக்கும் வீட்டுக்குத் தடித்த பாலியெஸ்டர் வலை உண்டு. அது சுற்றும்போது பருமனாவதால் பெட்டியும் பெரிதாகும். நிறத்தைக் கேட்டால், கருப்பு வலையின் ஊடாக வெளிக்காட்சி வெள்ளை வலையைவிடத் தெளிவாகத் தெரியும்.

நான்காம் படி: திறந்த தாழ்வாரம்

அகலமான திறப்புகளில் காற்று வலையைப் பக்கவாட்டுப் பள்ளத்திலிருந்து பிடுங்கிவிடும். ஆகவே வலையின் விளிம்பு ஜிப் போலப் பள்ளத்துக்குள் பூட்டிக்கொண்டு ஓடும் வகையே இங்கு ஏற்றது. மோட்டார் வைத்தால் காற்றை உணரும் கருவியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பலத்த காற்றில் எந்த வலையையும் சுருட்டிவிடுவதே பாதுகாப்பு.

பின்சேர்க்கை

இதைப் படித்தவர்கள் கேட்ட ஐயங்களுக்காக இதைச் சேர்க்கிறேன். வெளிப்புறமாகத் திறக்கும் சன்னலுக்கு வலை உட்புறம் வர வேண்டும். அப்போது சன்னலின் கைப்பிடி உள்ளே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளந்து, வலை அதில் உரசாத ஆழம் இருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். உட்புறமாகத் திறப்பதற்கு வலை வெளியே. கதவின் வலை இரு பக்கமிருந்தும் திறக்கக்கூடியதாக இருக்கட்டும். கொசுவலை எதுவும் குழந்தை விழாமல் தாங்கும் தடுப்பு அல்ல. மாடிச் சன்னல்களுக்குக் கம்பி தனியாக வேண்டும்.

பள்ளம் இறுகினால் எண்ணெய் விட வேண்டாம், தூசி ஒட்டி இன்னும் இறுகும். தூரிகையால் துடைத்தபின் சிலிகான் ஸ்பிரே போதும். மழையில் நனைந்த வலையை உலர்ந்த பிறகே உள்ளே விடுங்கள், ஈரத்தோடு சுற்றிவைத்தால் பூஞ்சை பிடிக்கும்.