வெளிறிப்போன மான் பலகை: பிள்ளைகளுக்குச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி விடுமுறை விட்டால் நம் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பலரும் தைப்பிங் மிருகக்காட்சிசாலைக்குத்தான் கிளம்புகிறார்கள். 1961இல் திறந்த இடம். நம் நாட்டு வெயிலுக்கும் மழைக்கும் எந்த மிருகக்காட்சிசாலையிலும் விளக்கப் பலகை வெளிறத்தான் செய்யும். கடமான், அதாவது நம் ஆட்கள் ரூசா என்று சொல்லும் மான், அதன் பலகை மங்கிப்போயிருந்தால் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும்.

முதலில் வரைபடம். வெயில் பட்டால் பெரும்பாலும் சிவப்பும் மஞ்சளும்தான் முதலில் போகும். நீலமும் கறுப்பும் தாக்குப்பிடிக்கும். மான் வாழும் நாடுகளைச் சிவப்பில் காட்டியிருந்தால் கடல் மட்டும் நீலமாக மிஞ்சும். "இது எங்கேயும் இல்லையாப்பா?" என்று பிள்ளை கேட்டால் ஆமாம் என்று தலையாட்டிவிடாதீர்கள். இந்தியா, இலங்கை தொடங்கி தென்சீனா, சுமத்ரா, போர்னியோ வரை பரவியுள்ள விலங்கு அது. நம் பேராக் காட்டிலும் உண்டு.

பலரும் தடுமாறுவது கொம்பில்தான். படத்தில் பக்கத்துக்கு மூன்று கிளையாகப் பெரிய கொம்பு இருக்கும். வேலிக்குள் நிற்பதற்கோ ஒன்றுமே இருக்காது. உடனே 'பெண் மான்' என்று சொல்லிவிடுகிறோம். ஆண் கடமானின் கொம்பு எலும்பு. பெரும்பாலும் வருடத்துக்கு ஒருமுறை விழுந்து மறுபடி முளைக்கும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் அப்படி விழாது. புதுக்கொம்பை ரோமத்தோல் மூடியிருக்கும். கொம்பு முற்றியதும் அந்தத் தோல் ரத்தக்கறையோடு கிழிந்து தொங்கும். அதைப் பார்த்து அடிபட்டுவிட்டது என்று பிள்ளைகளைப் பயமுறுத்த வேண்டாம். கழுத்துக்கு அடியில் முடி உதிர்ந்து புண் மாதிரி சிவந்த இடமும் கடமானுக்கு வரும். இனப்பெருக்கக் காலத்தில் நன்றாகத் தெரியும். இதையெல்லாம் பலகையில் எழுதியிருக்க மாட்டார்கள். மானையே கொஞ்ச நேரம் நின்று பார்க்க வைப்பதுதான் நல்லது.

அப்புறம், பழைய பலகையில் செர்வஸ் யூனிகலர் என்று அறிவியல் பெயர் இருந்தால் அது வேறு மான் அல்ல. இப்போது ரூசா யூனிகலர் என்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் 'பரவலாகக் காணப்படும்' என்ற வரியை மட்டும் அப்படியே வாசித்துக் காட்டாதீர்கள். வேட்டையாலும் கண்ணியாலும் காடு அழிந்ததாலும் கடமான் வெகுவாகக் குறைந்துவிட்டது. 2008இல் அனைத்துலகச் சிவப்புப் பட்டியலில் அழிவாய்ப்புள்ள இனமாகச் சேர்த்தார்கள். பலகையில் 1972 வனவிலங்குச் சட்டம் இருந்தால் அதுவும் பழசு. 2010 சட்டம் அதன் இடத்துக்கு வந்துவிட்டது.

பக்கத்துக் கூண்டில் பெலாண்டோக், அதாவது சருகுமான், இருந்தால் அதை மான் குட்டி என்று சொல்வதும் சரியில்லை. அதற்குக் கொம்பே கிடையாது, குடும்பமும் வேறு.

எழுத்து தெரியவில்லை என்று சாவியால் சுரண்டாதீர்கள். மிச்சமிருக்கும் மையும் போய்விடும். கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கினால் பாதி எழுத்தாவது பிடிபடும். அந்தப் படத்தையே வாசலில் இருக்கும் அலுவலகத்தில் காட்டி, புதுப் பலகை வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.