மோனோ, ஸ்டீரியோ, எம்பி3: பழைய ஒலிப்பதிவுகளை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் பல வீடுகளில் பழைய கேசட்டுகள் இன்னும் பெட்டிக்குள் கிடக்கின்றன. கல்யாணப் பாட்டு, படுகர்களின் தெய்வமான ஹெத்தையம்மன் விழாவில் பதிந்தது, பாட்டி சொன்ன கதை என்று எல்லாம் அதில் இருக்கும். மலை ஈரத்தில் டேப்பில் பூஞ்சை பிடிப்பதற்குள் கணினிக்கு மாற்றிவிட வேண்டும் என்று பிள்ளைகள் நினைப்பது நல்ல விஷயம். ஆனால் பூஞ்சைக்குத் தப்பிய குரல் கணினிக்குள் போய்க் கெடுவதுதான் வேதனை.

முதல் தவறு, நேரடியாக எம்பி3ஆகப் பதிவது. காது அதிகம் கவனிக்காது என்று கணிக்கும் ஒலிகளை எம்பி3 தூக்கிப் போட்டுவிடுகிறது. பிட்ரேட் (ஒரு நொடி ஒலிக்கு ஒதுக்கும் தரவின் அளவு) குறைவாக இருந்தால், நீலகிரிப் பழங்குடியினரான கோத்தர் இசையில் பறை மீது அடி விழும் அந்தக் கூர்மை மழுங்கிவிடும். அதை வெட்டி, ஒட்டி, மறுபடி எம்பி3ஆகச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் இழப்பு கூடும். பிறகு வேவ் (WAV, ஒலியைச் சுருக்காமல் அப்படியே வைக்கும் வடிவம்) ஆக மாற்றினாலும் கோப்புதான் பெருக்கும், போன ஒலி திரும்பாது. அதனால் முதலில் வேவ் ஆகப் பதியுங்கள். சிடி தரமான 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோவில் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி (மெகாபைட்) ஆகும். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு 600 எம்பி. அந்த இடம் இல்லையென்றால் ஃபிளாக் (FLAC) வடிவம் இருக்கிறது. அது சுருக்கும், ஆனால் எதையும் இழக்காது. உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப அதிலிருந்து ஒரு எம்பி3 நகல் எடுத்துக்கொண்டால் போதும்.

கோப்பின் பெயர் முடிவில் எம்பி3 என்பதை அழித்து வேவ் என்று எழுதினால் வடிவம் மாறாது. பெயர் மட்டுமே மாறும்.

அடுத்தது மோனோ, ஸ்டீரியோ. மோனோ என்றால் ஒரே தடம், ஸ்டீரியோ என்றால் இடது பக்கம், வலது பக்கம் என இரண்டு தடம். அதிகம் சிக்கல் வருவது இங்கேதான். மோனோவை ஸ்டீரியோவாக மாற்றினால் அதே ஒலி இரண்டு பக்கமும் நகலாகிறது, அவ்வளவுதான். வேவ் கோப்பின் அளவு இரட்டிப்பாகும், பாட்டில் புதிதாக எதுவும் சேராது.

ஸ்டீரியோவை மோனோவாக்குவதுதான் ஆபத்து. மைக் இடது பக்கம் மட்டும் பதிந்திருந்தால், மென்பொருள் இரண்டையும் கூட்டிச் சராசரி எடுக்கும்போது குரல் பாதியாகக் குறையும். வலது பக்கத்து இரைச்சலும் கூடவே வந்து சேரும். ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளில் இரண்டு பக்கத்தையும் பிரித்து, வெறும் பக்கத்தை நீக்கிவிடுவதே சரி.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. கோயில் விழாவில் மிக்ஸரின் பேலன்ஸ்டு வெளியீட்டை (ஒரே ஒலியை நேராகவும் தலைகீழாகவும் இரண்டு கம்பியில் அனுப்புவது) ஸ்டீரியோ ரெக்கார்டரில் செருகினால், ஒரு பக்க அலை மேலே போகும்போது மறுபக்கம் கீழே போகும். ஹெட்போனில் ஓரளவு கேட்கும். மோனோவாக்கினால் ஒன்றையொன்று அழித்து, பேச்சே காணாமல் போகும். அந்த மாதிரிப் பதிவில் ஒரு பக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது ஒரு பக்கத்தைத் தலைகீழாக்கிய பிறகு கூட்டுங்கள்.

கேசட்டிலும் இதன் சாயல் வரும். பிளேயரின் ஹெட் (டேப்பை உரசி ஒலியைப் படிக்கும் பாகம்) லேசாகச் சாய்ந்திருந்தால் இரண்டு பக்கமும் மயிரிழை முன்பின்னாகப் பதியும். கூட்டினால் ‘ச’, ‘ஷ’ போன்ற கூர்மையான ஒலிகள் மங்கிப்போகும். முதலில் ஹெட்டைச் சரிசெய்து பதிய வேண்டும். முடியாவிட்டால், இரண்டையும் தனித்தனியே கேட்டு, தெளிவான பக்கத்தை எடுங்கள்.

பெரியவர் ஒருவரிடம் பேட்டி எடுக்கும்போது கேட்பவர் ஒரு மைக், சொல்பவர் ஒரு மைக் என்று பதிந்திருந்தால், மூலக்கோப்பை மோனோவாக்கவே வேண்டாம். இருமலையும் காற்றையும் ஒரு பக்கத்தில் மட்டும் குறைக்கும் வசதி அதோடு போய்விடும். கேட்பதற்கு வேண்டுமானால் மோனோவில் ஒரு நகல் எடுக்கலாம். வெறும் பேச்சுக்கு 64 கேபிபிஎஸ் பிட்ரேட்டில் மோனோ எம்பி3 தாராளம்.

கடைசியாக சாம்பிள் ரேட், அதாவது ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து பதிகிறோம் என்பது. வீடியோக்கள் பெரும்பாலும் 48,000 ஹெர்ட்ஸ், சிடி 44,100. முறையாக மாற்றாமல் எண்ணை மட்டும் 44,100 என்று திருத்தினால், 48,000இல் பதிந்த பாட்டு சுமார் 8 சதவீதம் மெதுவாக ஓடும், சுருதியும் ஒன்றரை அரைச்சுரம் போல இறங்கும். பாட்டி குரல் யாரோ தாத்தா குரல் போலத் தோன்றும். மாற்றியதும் பழைய கோப்பின் நேரத்தையும் புதியதன் நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கணிசமாக வேறுபட்டால் மூலத்திலிருந்து மறுபடி மாற்றுங்கள்.