கென்டே பட்டை பதித்த தோல் கார்டு உறை: நூல் பிரியாமல் வெட்டும் வழி

கென்டே என்பது கானாவின் கைநெசவுத் துணி. என் முதல் கென்டே பட்டையை நானே தீக்குச்சியால் கெடுத்தேன். நைலான் நாடாவின் முனையைச் சுட்டால் உருகி ஒட்டிக்கொள்ளுமே, அந்த நினைப்பு. ஆனால் என் பட்டையில் இருந்த பருத்தியும் ரேயானும் உருகா, கருகிவிடும்.

கானாவில் குமாசிக்கு அருகே போன்விரே போன்ற ஊர்களில் குறுந்தறியில் நெய்யும் பட்டையின் அகலம் ஏறத்தாழ 10 செ.மீ. பட்டைகளைப் பக்கம் பக்கமாகத் தைத்தே பெரிய துணி ஆக்குகிறார்கள். நமக்கு ஒற்றைப் பட்டை போதும். வாங்கும்போது திருப்பிப் பாருங்கள். பின்புறம் வெளிறியிருந்தால் அது அச்சடித்த துணி.

1. தோலில் 11 × 7 செ.மீ. அளவில் மூன்று துண்டுகள்: முன்பக்கம், உள்பக்கம், பின்பக்கம். உள்பக்கத்துக்கு மெல்லிய தோல். பின்துண்டின் மேல்விளிம்பில் கட்டைவிரலுக்கு ஓர் அரைவட்டம்.

2. முன்துண்டின் நடுவே 7 × 3.5 செ.மீ. சன்னல். நான்கு மூலைகளிலும் முதலில் துளையிட்டுவிட்டுக் கத்தியை ஓட்டுங்கள்.

3. என்னைப் படுத்திய இடம் இதுதான். வெட்டுவதற்கு முன்பே, சட்டைக் காலருக்கு வைக்கும் ஒட்டுக் கேன்வாஸைப் பட்டையின் பின்புறம் இஸ்திரியால் ஒட்டுங்கள். மிதமான சூடு போதும். இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல் வைத்து வைத்து எடுங்கள். இழுத்தால் கட்டங்கள் கோணிவிடும். ஆறியபின் 6 செ.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். அகலத்தில் கத்தரி படவே கூடாது. நெய்த கரை பிரியாது; அதைக் காப்பாற்றத்தான் 8.6 செ.மீ. கார்டுக்கு இவ்வளவு அகலமான உறை.

4. ஊடை (குறுக்கு நூல்) நெருக்கமாக ஓடும் கட்டம் ஒன்று சன்னலின் நடுவில் வரட்டும். பசையைத் தோலில் மட்டும், சன்னல் விளிம்பிலிருந்து 4 மி.மீ. தள்ளித் தடவுங்கள். நெடியடிக்கும் ரப்பர் பசை எனக்குப் பிடிக்காது. தண்ணீர்ப் பசையே என் தேர்வு.

5. சன்னலைச் சுற்றி மெழுகு நூலால் இரட்டை ஊசித் தையல்: ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்துத் தைப்பது. அடுத்து உள்துண்டை முன்துண்டின் பின்னால் ஒட்டி, வாய் விளிம்பை (கார்டு நுழையும் மேல்விளிம்பு) இப்போதே தைத்துவிடுங்கள். பின்துண்டைச் சேர்த்தபின் அங்கே தைத்தால் உறையின் வாயே மூடிவிடும். கடைசியாக மற்ற மூன்று பக்கங்களும், விளிம்பிலிருந்து 3 மி.மீ. உள்ளே.

பின்சேர்க்கை: நைஜீரியாவின் அசோ ஓகே பட்டையில் இதைச் செய்த ஒருவருக்குத் துணி சுருங்கிவிட்டதாம். அதில் ஓடும் பளபளப்பான இழை பெரும்பாலும் பிளாஸ்டிக். அத்தகைய பட்டைக்கு இஸ்திரி வேண்டாம். வெட்டும் கோட்டின் பின்புறத்தில் துணிப் பசையை மெல்லியதாகத் தடவி, ஓர் இரவு காயவிட்டு வெட்டுங்கள்.