கடல்நீர்த் தொட்டியில் பாசி மேய மொலி மீனைப் பழக்கும் முறை

கடல்நீர்த் தொட்டி அமைத்து இரண்டு மூன்று மாதங்கள் கழிந்ததும், கண்ணாடியிலும் கற்களிலும் மயிர்போல் நீளும் பச்சைப் பாசி படரத் தொடங்குவது வழக்கம். பாசி மேயும் கடல்மீன்கள் இல்லாமலில்லை. யாழ்ப்பாணத்துச் சந்தைகளில் கறிக்கு வாங்கும் ஓரா மீனும் பாசி தின்பதுதான். ஆனால், அது வளர்ந்தபின் வீட்டுத் தொட்டிக்குள் அடங்காது. இந்நிலையில், நன்னீர் மீன் விற்கும் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மொலி நல்லதொரு மாற்றாக அமைகிறது.

நன்னீர் மீன் எதுவாயினும் இதற்கு உதவும் என்று எண்ணிவிடக் கூடாது. கண்ணாடியில் வாயை ஒட்டிப் பாசி சுரண்டும் சக்கர் மீனைக் கடல்நீரில் விட்டால் சில மணி நேரத்திலேயே இறந்துவிடும். நன்னீர் மீனின் உடலிலுள்ள உப்பு வெளிநீரில் இருப்பதைவிட அதிகம் என்பதால், நீர் தானாகவே உள்ளே புகுகிறது. அதனை நீர்த்த சிறுநீராக ஓயாமல் வெளியேற்றுவதே அதன் சிறுநீரகத்தின் வேலை. கடல்நீரில் நிலைமை தலைகீழாகி உடலிலிருந்து நீர் வெளியே இழுக்கப்படுவதால், மீன் கடல்நீரைக் குடித்து, மிகுதி உப்பைச் செவுளிலுள்ள சிறப்புக் கலங்களின் வழியாக வெளியேற்ற வேண்டியிருக்கும். அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையோரச் சதுப்புகளிலும் மெக்சிக்கோக் கரையிலும் உவர்நீரிலேயே வாழ்ந்துவந்த மொலி இனங்களுக்கு இவ்விரு வேலைகளும் கைவரும். எனினும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற அவற்றின் செவுளுக்குச் சில நாட்கள் தேவை. நான் முதன்முறை வாங்கிய நான்கு மொலிகளைப் பையோடு அரை மணி நேரம் மிதக்கவிட்டு, அப்படியே தொட்டியில் திறந்துவிட்டேன். விடியும்போது நான்கும் அடியிற் கிடந்தன.

கடையில் நான்கு ஐந்து சென்ரிமீற்றர் நீளமுள்ள கறுப்பு மொலியையோ, முதுகுச் செட்டை உயர்ந்த மொலியையோ தெரிவு செய்யுங்கள். ஊதிய வயிற்றோடு வளர்க்கப்படும் பலூன் மொலி இவ்வேலைக்கு உறுதி போதாதது. நின்ற இடத்திலேயே உடலை நடுக்கும் மீனை வாங்கவே வேண்டாம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்துக் கிணற்றுநீர் வன்னீராக இருப்பது மொலிக்கு உகந்ததே என்பதால், உள்ளூரில் வளர்ந்த மீன் பெரும்பாலும் திடமாகவே இருக்கும். வாங்கிய மீனை இரண்டு வாரமாவது தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பின்னரே உப்புக்குப் பழக்கத் தொடங்க வேண்டும்.

மூடியுள்ள வாளியொன்றில் மூன்று லீற்றர் நன்னீரும் மீன்களும் இருக்கட்டும்; மொலி துள்ளும் இயல்புடையது, மூடியை மறக்க வேண்டாம். கடல்நீர்த் தொட்டியிலிருந்து மெல்லிய காற்றுக் குழாயொன்றை வாளிக்குள் இறக்கி, அதில் தளர்வாக ஒரு முடிச்சிட்டு, விநாடிக்கு இரண்டு துளி விழுமாறு இறுக்குங்கள். இருபது துளி ஏறத்தாழ ஒரு மில்லிலீற்றர் என்பதால், மணிக்கு 360 மில்லிலீற்றர் சேரும். காலையில் தொடங்கினால் எட்டு மணி நேரத்தில் வாளி ஆறு லீற்றரை எட்டும். மாலையில் குழாயை எடுத்துவிட்டு, மூன்று லீற்றரை வெளியே ஊற்றிவிட வேண்டும். அதைத் தொட்டிக்குத் திருப்பி விடக் கூடாது. எஞ்சும் மூன்று லீற்றரோடு மறுநாள் காலையில் மீண்டும் தொடங்கி, இப்படியே நான்கு நாள் செய்யுங்கள். தொட்டியின் உப்பு ஆயிரத்துக்கு 35 என்றால், முதல்நாள் முடிவில் வாளியில் 17.5, இரண்டாம் நாள் 26, மூன்றாம் நாள் 31, நான்காம் நாள் 33 அளவில் நிற்கும். ஆறு மணி நேரத்திலேயே இதனை முடிப்பவர்களும் உண்டு. நான்கு நாள் பொறுத்திருப்பதால் நமக்கு இழப்பேதுமில்லை என்பதே என் கருத்து. உப்பு ஏற ஏற நீரில் கரையும் ஒட்சிசன் குறைவதால் காற்றுப்பம்பி இடைவிடாது ஓட வேண்டும். மின்வெட்டை நினைத்து மின்கலத்தில் இயங்கும் ஒன்றையும் பக்கத்தில் வைத்திருங்கள். உணவை மிகக் குறைத்துக்கொள்ளுங்கள்; கடல்நீரின் காரத்தன்மையில் கழிவிலுள்ள அமோனியா கூடுதலாக நஞ்சாகும்.

இந்த நான்கு நாளில் தொட்டி இழக்கும் பன்னிரண்டு லீற்றரையும் நல்ல கடல்நீரால் ஈடுசெய்ய வேண்டும். பண்ணைப் பக்கத்துக் கடல்நீரேரி நீர் மாரியில் நீர்த்தும் கோடையில் மிக உவர்த்தும் போவதால், பருத்தித்துறை, வல்வெட்டித்துறை போன்ற திறந்த கடற்கரைகளில் மழையற்ற நாளில் எடுப்பதே நல்லது. ஆனையிறவு உப்பைக் கரைத்துக் கடல்நீர் ஆக்கலாம் என்று சிலர் சொல்வதுண்டு. அதில் கல்சியமும் மக்னீசியமும் கடலிலுள்ள அளவில் இருப்பதில்லை.

விளக்கை அணைத்த பின்னர் மீன்களைத் தொட்டியில் விடுங்கள். தொட்டியில் கோமாளி மீன்கள் முன்பே இருந்தால், துளையிட்ட பெட்டியொன்றில் ஓரிரு நாள் காட்டிவிட்டுத் திறப்பது நல்லது. இருநூறு லீற்றருக்கு மூன்று நான்கு மீன்கள் போதும். மென்மையான மயிர்ப்பாசியையும் கண்ணாடிப் படலத்தையும் அவை நாள்முழுதும் கொறிக்கும். வேறு தீனி தாராளமாகக் கிடைத்தால் பாசியின் பக்கம் திரும்பா. கல்லில் ஊதாநிறமாகப் படியும் சுண்ணப்பாசியை அவை தொடுவதில்லை. அதை அகற்றவும் தேவையில்லை.

மீன் தின்னும் வேகத்தைவிடப் பாசி வளரும் வேகம் கூடினால், குறை நீரில் இருக்கிறது. ஆவியாகும் நீருக்கு ஈடாகக் கிணற்றுநீரை ஊற்றுவது இங்கு பலர் செய்யும் தவறு. வலிகாமத்துத் தோட்டப்பகுதிக் கிணறுகள் பலவற்றில் உரத்தால் சேர்ந்த நைத்திரேற்று மிகுதி. அது பாசிக்கு இடும் உரமேயாகும். வடித்துச் சுத்திகரித்த ஆர்ஓ நீரையே ஊற்றி, விளக்கை எட்டு மணி நேரத்துக்கு மட்டுப்படுத்தி, யன்னல் வெயில் படாமல் தொட்டியை மறையுங்கள்.

மொலி ஏறத்தாழ மாதமொருமுறை குஞ்சு போடும்; பெண்மீன் விந்தை உடலில் மாதக்கணக்கில் சேமிப்பதால், ஆண் இல்லாவிட்டாலும் இது நடக்கும். குஞ்சுகளில் பெரும்பாலானவை மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். எஞ்சுபவற்றைக் குளத்திலோ, கிணற்றிலோ, கடல்நீரேரியிலோ விடவே கூடாது. எந்நீரிலும் வாழும் அந்நிய மீன் அங்கே நிலைத்துவிட்டால் திரும்ப அள்ளியெடுக்க முடியாது. நண்பர் எவராவது தம் நன்னீர்த் தொட்டிக்குக் கேட்டால், அதே வாளியில், அதே குழாயால், இம்முறை நன்னீரைச் சொட்டவிட்டு நான்கு நாளில் இறக்கிக் கொடுங்கள்.